வாசலுக்கும் பஸ்ஸுக்கும் இடையில்

ஒரு பெண் வேலைக்குப் போகப் போகிறாள் என்றதும் அவளிடம் பல கேள்விகள் கேட்கப்படுகின்றன. என்ன வேலை? எவ்வளவு சம்பளம்? பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? இவற்றுக்கெல்லாம் அவள் பதில் தேடி வைத்திருப்பாள். ஆனால் "எப்படிப் போய், எப்படி வரப் போகிறாய்?" என்று யாரும் அவளுடன் இருந்து கணக்குப் பார்ப்பதில்லை.

வேலையில் சேர்ந்து நாலைந்து மாதத்தில் நின்றுவிடும் பெண்களை எமது களப்பணியில் அடிக்கடி சந்திக்கிறோம். காரணம் கேட்டால், முதலாளியையோ வேலையையோ குறை சொல்பவர்கள் சிலர்தான். "போக்குவரத்து ஒத்துவரேல்லை அக்கா" என்று சொல்பவர்களே பலர். இன்னும் கொஞ்சம் விசாரித்தால், பஸ் பயணத்தைவிட பஸ் ஏறும் இடம்வரை போவதே அவர்களுக்குப் பெரும் பாடாக இருந்தது தெரியவரும். "பஸ்ஸடிக்குப் போறதுக்குள்ளேயே பாதிச் சீவன் போயிடும்" என்றார் இரண்டு பிள்ளைகளின் தாயொருவர். அவருடைய வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு மூன்று கிலோமீற்றர்.

அந்த மூன்று கிலோமீற்றரைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

வீதி ஒருபுறம், வீடு ஒருபுறம்

வன்னியின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். கிளிநொச்சி, பரந்தன், மாங்குளம் ஆகியன ஏ9 வீதியில் இருக்கின்றன. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ35, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ34, மன்னாரிலிருந்து பூநகரிப் பக்கமாக ஏ32 என்று பெரிய வீதிகள் போகின்றன. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பூநகரியிலிருந்து யாழ்ப்பாணம் போவதும் சுலபமாகிவிட்டது. பஸ்கள் ஓடுவது பெரும்பாலும் இந்த வீதிகளில்தான். வைத்தியசாலை, வங்கி, பிரதேச செயலகம், கடைத்தெரு, தொழிற்சாலை எல்லாம் இவற்றின் ஓரத்தில் அல்லது இவை சந்திக்கும் இடங்களில் இருக்கின்றன.

எமது வீடுகளோ குளத்தையும் வாய்க்காலையும் வயலையும் நம்பி அமைந்தவை. குடியேற்றத் திட்டங்களில் காணிகள் வாய்க்கால் வழியே நீளமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டதால் வீட்டுக்கு வீடு தூரம் அதிகம். உள்வீதிகள் பல இன்னமும் கிரவல் வீதிகளே. அவற்றில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை பஸ் வந்தாலும், வேலை தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் அது பொருந்துவதில்லை.

வீட்டில் மோட்டார் சைக்கிளும் அதை ஓட்டும் ஓர் ஆணும் இருந்தால், பிரதான வீதியில் கொண்டுபோய் இறக்கிவிட ஆளுண்டு. கணவனை இழந்த, அல்லது கணவன் காணாமல் ஆக்கப்பட்ட குடும்பத்தில் அந்த வசதி இல்லை. ஆகவே ஒரே மூன்று கிலோமீற்றர், பெண் தலைமை தாங்கும் குடும்பத்துக்கு மட்டும் அதிக தூரமாகிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சாதாரணமாக ஒருவர் மூன்று கிலோமீற்றரை நடக்க ஏறத்தாழ 40 நிமிடங்கள் வேண்டும். அதே தூரத்தை நிதானமாகத் துவிச்சக்கர வண்டியில் போனால் 15 நிமிடங்கள் போதும். ஒரு வழிக்கு 25 நிமிடம் மிச்சம். போக வர 50 நிமிடம். மாதத்தில் 24 நாள் வேலை என்றால் 20 மணித்தியாலங்கள்.

20 மணித்தியாலம் என்பது இரண்டரை வேலைநாள். அந்த நேரத்தில் பிள்ளைக்குத் தலைவாரிப் பாடசாலைக்கு அனுப்பலாம், பின்னேரம் இருட்ட முன்னர் வீட்டுக்கு வரலாம், கோழிக்குத் தீன் போடலாம். ஒன்றுமில்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் காலை நீட்டி இருக்கலாம்.

"அப்படியென்றால் நகரம்வரை சைக்கிளிலேயே போகலாமே" என்று சிலர் கேட்பார்கள். ஐந்தாறு கிலோமீற்றர் என்றால் போகலாம். இருபது கிலோமீற்றர் ஓட்டிப் போய், நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தின் முன் இருந்து, திரும்பச் சோளகக் காற்றுக்கு எதிராக மிதித்து வருவதென்றால் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? "ஸ்கூட்டியில் முழுத் தூரமும் போகலாமே" என்றால் பெற்றோல் செலவு சம்பளத்தைத் தின்றுவிடும். 2022 யூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனதையும், நிரப்பு நிலையங்களில் நாட்கணக்காக வரிசையில் நின்றதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதங்களில் மூலையில் கிடந்த பழைய சைக்கிள்கள் எல்லாம் தூசு தட்டப்பட்டு வீதிக்கு வந்தன.

ஆகவே நீண்ட தூரத்தைப் பஸ்ஸிடமோ புகையிரதத்திடமோ விடுவோம். இரண்டு முனைகளிலும் உள்ள குறுகிய தூரத்துக்குத் துவிச்சக்கர வண்டியை வைத்துக்கொள்வோம். ஒரு பயணத்துக்கு ஒரே வாகனம்தான் என்ற எண்ணத்தை விட்டாலே பல வழிகள் திறக்கும்.

எமக்குப் புதிதல்ல

வடக்கில் பெண் சைக்கிள் ஓடுவது எவருக்கும் அதிசயமில்லை. வெள்ளைச் சீருடையில் வரிசையாகச் சைக்கிளில் போகும் மாணவிகள் எமது வீதிகளின் அன்றாடக் காட்சி. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராதபோது, மண்ணெண்ணெயில் ஓடிய சில மோட்டார் சைக்கிள்களைத் தவிர, குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. விறகு, நெல்மூட்டை, நோயாளி, கர்ப்பிணி எல்லாமே கரியரில் போனார்கள். பற்றரி இல்லாத அந்நாட்களில் சைக்கிளை நிறுத்தி வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்களும் நாமே.

இடம்பெயர்வுகளிலும் அது கூட வந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் பெயர்ந்தபோது, நாவற்குழிப் பக்கம் ஏறி ஓட இடமில்லாமல், மூட்டை கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டே மக்கள் நடந்தார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை உருட்டிச் சென்று, அங்கேயே போட்டுவிட்டு வெறுங்கையுடன் வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். மீள்குடியேற்றத்தின் பின்னர் இந்திய அரசின் உதவியாக வடக்குக்கு 10,000 துவிச்சக்கர வண்டிகள் வழங்கப்பட்டன. தொண்டு நிறுவனங்களும் வழங்கின. மீண்டும் வாழத் தொடங்குவதற்கு முதலில் தேவைப்படும் பொருட்களில் இதுவும் ஒன்று என்பதை அன்றே எல்லோரும் உணர்ந்திருந்தார்கள்.

வீட்டுச் சைக்கிள் யாருடையது?

இங்கே ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தால், காலை ஏழு மணிக்கு அது யார் கையில் இருக்கிறது?

பெரும்பாலும் மகனின் கையில், அல்லது தம்பியின் கையில். உதவித் திட்டத்தில் தாயின் பெயரில் கிடைத்த சைக்கிளும் மெல்ல மெல்ல ஆண் பிள்ளையின் சைக்கிளாகிவிடும். அம்மா நடப்பாள். குடும்பத்துக்கு உழைப்பவள் நடந்து போக, சந்தியில் கதைத்துக்கொண்டு நிற்பவனிடம் சைக்கிள் இருப்பது நியாயமா? பிள்ளைகளோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. யாருக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று ஓரிரவு எல்லோருமாக இருந்து கதையுங்கள். பாடசாலை வழியில் பிள்ளையை ஏற்றி இறக்கிவிட்டு நீங்கள் பஸ்ஸடிக்குப் போகலாம். அல்லது மகன் உங்களைப் பஸ்ஸடியில் விட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போகலாம். வாகனம் ஒன்றென்றாலும் பயணத்தைப் பங்கிடலாம்.

வெளியாரின் பேச்சும் ஒன்றிருக்கிறது. "புருசன் இல்லாதவள் வெளிக்கிட்டுக்கொண்டு எங்கை போறாள்?" என்ற கேள்வி, ஓட்டோவில் போனால் ஒரு மாதிரியும், யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிப் போனால் இன்னொரு மாதிரியும் வரும். சொந்தச் சைக்கிளில் தன்பாட்டில் போய் வருபவள் எவருக்கும் கடமைப்பட வேண்டியதில்லை. எவரையும் காத்துநிற்க வேண்டியதுமில்லை. பேச்சு உடனே நின்றுவிடும் என்று சொல்லமாட்டோம். ஆனால் தினமும் ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் வரும் பெண்ணை ஊர் விரைவில் பழகிக்கொள்ளும்.

சைக்கிளை எங்கே விடுவது?

பஸ் ஏறும் இடத்தில் சைக்கிளை எங்கே விடுவது என்பதுதான் பலருடைய முதல் தயக்கம். யாழ்ப்பாண நகரில் பஸ் நிலையத்தையும் வைத்தியசாலையையும் அண்டித் துவிச்சக்கர வண்டிப் பாதுகாப்பு நிலையங்கள் நீண்டகாலமாக இருக்கின்றன. துண்டு தருவார்கள், சிறு கட்டணம் வாங்குவார்கள். சிறிய சந்திகளில் இப்படியான வசதி இல்லை. அங்கே அறிந்தவர் வீடு, கடை, சனசமூக நிலையம், கோயில் மடம் என்று ஓர் இடத்தைக் கேட்டு வையுங்கள். மாதம் ஒரு சிறு தொகை கொடுப்பதாகச் சொன்னால் உங்களுக்கும் கூச்சமிராது, அவர்களுக்கும் பொறுப்பு வரும்.

பூட்டும்போது சில்லை மட்டும் பூட்டாதீர்கள். சில்லையும் சட்டத்தையும் சேர்த்து, அசைக்க முடியாத தூணிலோ கம்பியிலோ சங்கிலிப் பூட்டால் பிணையுங்கள். சட்டத்தில் பொறித்திருக்கும் இலக்கத்தைக் கொப்பியில் எழுதி, வாங்கிய பற்றுச்சீட்டோடு வையுங்கள். களவு போனால் பொலிஸில் முறைப்பாடு எழுத அந்த இலக்கம்தான் உதவும். பஸ்ஸடியில் விடும் சைக்கிள் புத்தம் புதிதாக மினுங்க வேண்டியதில்லை. பிரேக்கும் சில்லும் நன்றாயிருந்து, பார்வைக்குப் பழையதாக இருந்தால் களவும் குறைவு.

நகர முனையையும் யோசியுங்கள். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். அப்படி உள்ளே வேலை செய்பவர்கள் இன்னொரு பஸ் ஏற வேண்டும், அல்லது ஓட்டோ பிடிக்க வேண்டும். நகரில் உறவினர் வீட்டிலோ பாதுகாப்பு நிலையத்திலோ ஒரு பழைய சைக்கிளை நிரந்தரமாக விட்டு வைத்தால், வந்து இறங்கியதும் எடுத்து ஓடலாம். ஒரே இடத்தில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தும் இப்படிச் செய்யலாம்.

புகையிரதப் பாதைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணத்துக்கான சேவை, 2013இல் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டு வந்தது. பளை, கொடிகாமம், சாவகச்சேரி போன்ற நிலையங்களுக்குச் சைக்கிளில் வந்து ஏறுவது சுலபம். சேவை நேரங்கள் அடிக்கடி மாறுவதால், உங்கள் வேலை நேரத்துக்குப் பொருந்துமா என்று நிலையத்திலேயே கேளுங்கள். நாள்தோறும் போவதென்றால் மாதச் சீசன் டிக்கட் பற்றியும் விசாரியுங்கள்.

ஸ்கூட்டி உள்ளவர்களுக்கு

பிரதான வீதி பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் என்றால் சைக்கிள் கடினம். அந்தத் தூரத்துக்கு மட்டும் ஸ்கூட்டியைப் பாவித்து, சந்தியில் விட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். நகரில் ஏற்கெனவே சொன்னபடி சைக்கிள். இப்படிச் செய்தால் பெற்றோல் செலவு கட்டுக்குள் இருக்கும். நெரிசலான பெருவீதியில் கனரக வாகனங்களோடு போட்டியிட்டு ஓடவும் வேண்டியதில்லை.

ஆனால் 18 வயது நிரம்பி, சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்காமல் ஸ்கூட்டியை வீதிக்குக் கொண்டுவராதீர்கள். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். வருமான வரிப் பத்திரமும் காப்புறுதியும் இல்லாமல் விபத்தில் சிக்கினால் இருப்பதையும் இழக்க நேரிடும். தலைக்கவசம் ஓட்டுபவருக்கும் வேண்டும், பின்னால் இருப்பவருக்கும் வேண்டும்.

லீசிங்கில் வாங்குவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். மாதத் தவணையைச் சம்பளத்திலிருந்து கழித்து, மிச்சம் குடும்பத்துக்குப் போதுமா என்று பாருங்கள். நுண்கடன் எமது கிராமங்களில் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலைக்குப் போவதற்காக வாங்கிய வாகனம், அதன் தவணைக்காகவே வேலை செய்ய வைத்துவிடக் கூடாது.

பாதுகாப்பாகப் போய் வர

விடியப்புறமும் பொழுதுபடும் நேரமும்தான் கவனம் தேவை. கிரவல் வீதியில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும். காட்டை அண்டிய இடங்களில் யானை வரும். முன்னுக்கு வெளிச்சமும் பின்னுக்குச் சிவப்பு ஒளிதெறிப்பானும் கட்டாயம் வையுங்கள். கைத்தொலைபேசியைக் கையில் பிடித்து வெளிச்சம் காட்டி ஓடுவது ஆபத்து. சிறு ரோச் லைட்டைக் கைபிடியில் கட்டலாம். இடப்பக்க ஓரமாக ஓடுங்கள். ஒரே பாதையில் போகும் பெண்கள் நேரம் பேசி இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போவது எல்லாவற்றிலும் நல்லது.

பஸ்ஸுக்குள் நடக்கும் சேட்டைகளும் பெண்களை வேலையிலிருந்து நிறுத்துகின்றன. 15 முதல் 35 வயது வரையான பெண்களிடம் ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015இல் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், 90 வீதமானோர் பஸ்ஸிலோ புகையிரதத்திலோ பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 வீதமானோரே. எனவே உங்களுக்கு நடந்தது உங்களுக்கு மட்டும் நடந்ததென்று எண்ணி ஒடுங்க வேண்டாம். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி இது குற்றம். ஐந்து ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். உரத்துச் சொல்லுங்கள், நடத்துநரிடம் முறையிடுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. மகளிர் உதவிக்கான தொலைபேசி இலக்கம் 1938.

உடலும் வண்டியும்

சிறுவயதில் பழகாதவர்கள் இனிமேல் பழக முடியாதென்று எண்ண வேண்டாம். இருக்கையை இரண்டு காலும் நிலத்தில் முட்டும் அளவுக்குப் பதித்து, முதலில் மிதிக்காமல் காலால் தள்ளித் தள்ளிச் சமநிலையைப் பழகுங்கள். பின்னேரத்தில் பாடசாலை மைதானமோ வெறும் வயலோ போதும். பழகிய பின்னர் இருக்கையைச் சற்று உயர்த்தினால் முழங்கால் நோகாது. சேலையோ நீண்ட பாவாடையோ உடுத்து ஓடுபவர்கள் பின்சில்லுக்கு வலையும் செயினுக்கு மூடியும் போடுங்கள்.

உடலில் குண்டுச் சிதறல் உள்ளவர்களும் முதுகு, இடுப்புக் காயம் பட்டவர்களும் வைத்தியரிடம் கேட்டபின் தொடங்குவது நல்லது. செயற்கைக் கால் பொருத்திய பெண்கள் சிலர் சைக்கிள் ஓடுகிறார்கள். உங்களால் முடியுமா என்பதைக் கால் பொருத்திய நிலையத்தில் கேட்டு, அவர்கள் முன்னிலையிலேயே பழகிப் பாருங்கள். முடியாவிட்டால் அதில் குறைவொன்றுமில்லை. இன்னொரு சகோதரியின் கரியரிலும் உங்களுக்கு இடமுண்டு.

வாரம் ஒருமுறை காற்று, மாதம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய், தேயத் தேய பிரேக் கட்டை மாற்றுதல், இவ்வளவும் செய்தால் சைக்கிள் ஆண்டுக்கணக்காக உழைக்கும். ஒட்டுப் போடவும் பழகிக்கொள்ளுங்கள். கடை திறக்காத காலை ஆறு மணிக்குக் காற்றுப் போனால் அந்த அறிவுதான் ஒரு நாள் சம்பளத்தைக் காப்பாற்றும். மாரியில் ஒரு மாற்றுடுப்பைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கூடையில் வைத்திருங்கள்.

சேர்ந்து கேட்க வேண்டியவை

நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரின் புகையிரத நிலையத்தில் 12,500 துவிச்சக்கர வண்டிகளை நிறுத்தக்கூடிய தரிப்பிடம் 2019இல் கட்டி முடிக்கப்பட்டது. வீட்டிலிருந்து சைக்கிளில் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து ரெயிலில் வேலைக்குப் போவது அந்த நாட்டில் அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் பொதுவான பழக்கம். எனவே சைக்கிளில் பஸ்ஸடிக்குப் போவதை வறுமையின் அடையாளமென்று யாரும் சொன்னால் நாம் தலைகுனிய வேண்டியதில்லை.

நாம் 12,500 வண்டிகளுக்கு இடம் கேட்கவில்லை. பஸ் தரிப்பிடத்தில் ஒரு கூரை, இருபது சைக்கிள் பூட்டக்கூடிய கம்பி, ஒரு மின்விளக்கு இவ்வளவுதான் தேவை. உள்வீதி விளக்கும் தரிப்பிட நிழலும் பிரதேச சபையிடம் கேட்கக்கூடியவை. தனியார் பஸ் நேரங்கள் பற்றி வட மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைக்கு எழுதலாம். தனியொருத்தி வாயால் கேட்டால் மறந்துபோவார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எடுத்து, எத்தனை பெண்கள், எந்த வீதி, எத்தனை மணி என்று எழுதி, கையொப்பமிட்டுக் கொடுங்கள். பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள். பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் கடிதம் எழுத உதவுவார்.

வாழ்வாதாரம் என்றால் கோழிக்கூடும் தையல் இயந்திரமும்தான் என்று உதவி செய்பவர்கள் எண்ணுவதுண்டு. வேலை இருக்கும் இடத்துக்குப் போய் வரும் வழியும் வாழ்வாதாரமே. அடுத்த முறை உங்களுக்கு என்ன தேவை என்று யாரும் கேட்டால், எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிட்டு எத்தனை மணிக்குத் திரும்பி வருகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஒரு மணித்தியாலத்தைக் குறைத்துத் தரக்கூடிய உதவி பெரிய உதவிதான்.